அக்கா லாரியின் முன் ஆக்ஸில்

பிப்ரவரி 3, செவ்வாய்

அக்காவின் லாரியில் முன்பக்கத்தை முழுவதும் கழற்றிப் போட்டாயிற்று. எஞ்சினும் கீழே. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் அந்த ஏற்பாடு மலைப்பாதைக் குழிகளில் இரண்டு வருடத்தில் மூன்று முறை உடைந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் ஒரு முழு ஆக்ஸில் பிடித்து வந்திருக்கிறேன். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே தண்டு, லேசில் வளையாது.

அக்கா அந்த லாரியை ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறாள். "ஒரு வாரம்னா ஒரு வாரம்தானேடா?" என்றாள். "நீ காலண்டரைக் கிழிச்சுக்கிட்டே இரு," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

பிப்ரவரி 6, வெள்ளி

ஸ்டீயரிங் கம்பி ஸ்பிரிங் பட்டையில் இடிக்கிறது. வளைத்தேன். இன்னும் இடிக்கிறது. பிரேக் ஹோஸ் ஒரு சாண் எட்டவில்லை. அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெல்டர் வந்தார். தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். ஆக்ஸில் மேல் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை எந்தச் சாய்வில் பற்ற வைப்பது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

"மேல பாரம் உக்காந்தா சாய்வு மாறும். இப்போ நாலு பொட்டு மட்டும் வெப்போம். எஞ்சினை ஏத்தி, தரையில நிறுத்திப் பாத்துட்டு முழுசா அடிக்கலாம்," என்றார்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல. கணக்குப் போட்டுட்டேன், அடிங்க."

ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு அடித்தார்.

என்ன கணக்குப் போட்டேன்? ஒன்றும் இல்லை. ஒரு வாரம் என்று அக்காவிடம் அளந்துவிட்டேனே, அதுதான் கணக்கு.

பிப்ரவரி 12, வியாழன்

ஓடுகிறது. ஒன்பது நாள் ஆகிவிட்டது. அக்கா சாவியை வாங்கிக்கொண்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லையாம். இறக்கத்து வளைவில் வண்டி அதன் இஷ்டத்துக்குப் போய் ஒரு மதில் சுவரில் உரசி நின்றிருக்கிறது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் — நினைக்கவே முடியவில்லை.

இழுத்து வந்து அளந்தேன். மேலே பாரம் உட்கார்ந்ததும் சாய்வு மாறியிருக்கிறது. அந்தச் சாய்வு பிசகினால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வெல்டர் சொன்னது சொன்னபடி.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"வெல்டர் சாய்வை மாத்தி வெச்சுட்டாருக்கா."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? யோசிக்கக்கூட இல்லையே நான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தட்டுகளைத் தனியாக அறுத்து எடுத்தேன். கிரைண்டரில் மூன்று வட்டு தேய்ந்துபோனது. அவ்வளவு ஆழமாக, அவ்வளவு ஒழுங்காகப் பற்ற வைத்திருக்கிறார் மனுஷன். நான் காட்டிய தப்பான இடத்தில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

லாரிகள் நிற்கும் இடத்தில் அக்கா சொல்லிவிட்டாள், அந்த வெல்டரிடம் போகாதீர்கள் என்று. அவள் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. இன்று அவர் கடை முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் போன் பேசுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தேன். போனில் சார்ஜே இல்லை. சீ, என்ன பிழைப்பு இது.

"என்னங்க, ரெண்டு நாளா சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி. வண்டி நினைப்பு என்றேன். அதுவும் பாதிப் பொய்.

பிப்ரவரி 18, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். "என்னடா?" என்றாள். ஸ்பானர் இரவல் வாங்க வந்தேன் என்று சொல்லி, ஒரு ஸ்பானரோடு திரும்பினேன். வந்து பார்த்தால் அது என்னுடைய ஸ்பானர்தான்.

பிப்ரவரி 21, சனி

சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னால் அது அக்காவோடு நின்றுவிடும். அதனால் லாரிகள் நிற்கும் இடத்துக்கே போனேன். அக்காவோடு ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள்.

"வெல்டர் மேல தப்பில்லக்கா. பொறுத்துச் செய்யலாம்னு அவர் சொன்னார். நான்தான் கேக்கல. அப்புறம் பொய்யும் சொன்னேன்."

அக்கா இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை. "சுவத்துல மோதினதும் உன்னைத்தான்டா முதல்ல கூப்பிட்டேன்," என்றாள். பிறகு வெல்டர் கடையைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். மானம் போனது, போகட்டும்.

அக்கா அவரிடம் கைகூப்பினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் வந்து கேக்கலையே," என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

எஞ்சினை ஏற்றி, லாரியைத் தரையில் நிறுத்தி, மேலே மணல் மூட்டைகளை அடுக்கினோம். தட்டுகள் நாலு பொட்டில் மட்டும் நின்றன. நான் கீழே படுத்து அளந்தேன். "ஆறு டிகிரி," என்றேன்.

வெல்டர் தலையாட்டினார். கோணமானியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானும் கீழே போய் இரண்டு பக்கமும் அளந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆறுதானே?" என்றாள் அக்கா. அவரிடம்.