ஆலையோடு நின்றுபோன கம்பி

கம்போங் ராஜா,
14.6.1987

ஆண்டியப்பனுக்கு, தோட்டத்துச் சின்னையா எழுதிக்கொள்வது.

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். பதிமூன்று வருடத்துக்கு முன் தேயிலை ஆலை வரைக்கும் மின்கம்பியை இழுத்துவிட்டு, எங்கள் லயத்து வீடுகளுக்குத் தராமல் இறங்கிப் போனவன் நீ. கடைசிக் கம்பத்திலிருந்து என் வாசல் கல்லெறி தூரம். அந்த வேலைக்கு ஆட்களை மேய்த்த மண்டோர் நீதான். “தோட்டத்து நெலம் தனியார் நெலம், இலாகா உள்ள வராதுலா” என்றாய். ஆலை மட்டும் யார் நிலத்தில் நிற்கிறது என்று கேட்டேன். லோரியில் ஏறினாய்.

இப்போது கடிதம் போடுகிறாய். அரசாங்கம் மின்சார இலாகாவைக் கம்பெனியாக்கப் பார்க்கிறதாம், உங்கள் சங்கம் எதிர்க்கிறதாம், லயத்து ஜனங்களோடு நான் கூட்டத்துக்கு வரவேண்டுமாம். ஆலை வாசலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். “நம்மகிட்ட இல்லாத கரண்ட்ட யாருக்குக் கொடுத்தா என்னாண்ணே? போய்ச் சோத்தத் தின்னுங்க” என்றாள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. லயமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோலா தெர்லா பக்கம் மின்சாரம் எடுக்க ஆற்றுத் தண்ணீருக்குச் சுரங்கம் வெட்டிய காலம் ஞாபகம் வந்தது. நம் இருவருக்கும் ஒரே ஜோடி ரப்பர் பூட்ஸ். நீ கழற்றினால் சூடு ஆறுமுன் நான் மாட்டுவேன். உன் கால் நாற்றத்தோடுதான் இந்த நாட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தேன். பாறைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “இந்தத் தண்ணிதான்டா நாளைக்கு நம்ம வீட்டுல எரியப்போவுது” என்று கத்துவாய். எதிரொலியும் உன்னை ஆமோதிக்கும். அந்தப் பேச்சை நம்பித்தான் என் பெண்டாட்டி ரஞ்சிதம் டவுனில் ஒரு பல்பு வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி துடைப்பாள். போன வருடம் அவளைப் பாடையில் தூக்கும்போது மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. நீ வந்திருந்தாய். மேலே பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் போகாதவன்தான், ஆனால் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். கம்பெனிக்காரன் லாபம் உள்ள இடத்துக்குத்தான் கம்பி இழுப்பான். வீட்டுக்கு ஒரே விளக்கு எரியப்போகிற லயத்தில் அவனுக்கு என்ன வைத்திருக்கிறது? இலாகாவும் எங்களுக்குத் தரவில்லை. ஆனால் அதன் சுரங்கம் நாம் வெட்டியது. சண்டை போட்டுக் கேட்கலாம். கம்பெனியிடம் என்ன சொல்லிக் கேட்பது? அதனால் வருகிறேன். சும்மா வரமாட்டேன்.

கூட்டத்துக்கு முன் நீ இங்கே வந்து, அந்தக் கடைசிக் கம்பத்தடியில் நின்று ஜனங்களிடம் பேசவேண்டும். திட்டுவார்கள், வாங்கிக்கொள். உங்கள் சங்கம் தன் சம்பளத்தையும் பென்ஷனையும் கேட்கிற அதே மேடையில் தோட்டத்து லயங்களுக்குக் கம்பி கேட்கவேண்டும். கம்பம் நடத் தோட்டத்து மானேஜர் வழிவிடவேண்டும். அவரிடம் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன். கத்தமாட்டேன் என்று காளியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்களைத் திரட்டுவது அவள் பொறுப்பு. அரசாங்கம் இலாகாவைக் கைமாற்றுவதற்கு முன் பாக்கியுள்ள வீடுகளுக்கு விளக்கைக் கொடுக்கவேண்டும்.

பல்பை நான் துடைத்து வைக்கிறேன். சுவிட்சை நீதான் போடவேண்டும். ரஞ்சிதம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மலையில் குளிர் அதிகம். கம்பளிச் சட்டை கொண்டு வா.

சின்னையா