ரேவதிக்குத் தெரிந்திருந்தது

ஆகஸ்ட் 14, 1999. சனி. நீலசந்திரா, பெங்களூர்.

எதிர்வீட்டுச் செல்வியின் மகள் கவிதாவுக்கு வயிற்றுவலி என்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். ஐந்து மாத கர்ப்பம் என்றார். பத்தாவது படிக்கிற பெண்! செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் மகள் ரேவதியிடம் மெல்லச் சொன்னேன். அவள் திடுக்கிடவே இல்லை.

"தெரியும்மா. உன்கிட்ட சொல்லலாமான்னு கவிதா கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்டி? நான் செல்விகிட்ட பக்குவமா பேசியிருப்பேனே!"

"எனக்கு மஞ்சள் தண்ணி ஊத்துனப்போ மைக் செட் வெச்சு தெருவுக்கே சொன்ன. ஒடம்புல இது ஏம்மா வருதுன்னு நான் கேட்டதுக்கு வாயிலயே ஒண்ணு போட்ட. ஞாபகம் இருக்கா?"

போட்டேன்தான். பந்தல் நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

ராத்திரி அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "அன்னிக்கு கேட்டியே, இப்ப கேளும்மா. எல்லாம் சொல்றேன்" என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.