இடது பக்கத்துப் பெட்டி

12.6.2025, வியாழன்

வேல்விழி புகுந்த வீடு போய் ஒரு வருடமாகிறது. மகளின் அறையை இன்று ஒழித்தேன். சன்னலுக்குக் கனத்த திரை, தரைக்குப் பழைய ஜமக்காளம், நடுவில் ஒரு நாற்காலி. இனி அது தேவாரம் கேட்கும் அறை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே தேவாரப் புத்தகத்தை வைத்துத்தான். அதைச் செல்போனின் கீச்சுக் குரலில் கேட்க மனம் வரவில்லை.

இரண்டு ஸ்பீக்கர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். பதினைந்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். மூன்று வாரமாக யூடியூபில் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன்: இரண்டு பெட்டியும் நமக்குச் சம தூரத்தில் இருக்க வேண்டும். பெட்டி நல்லதென்றால் பாடுகிறவர் நமக்கு நேர் எதிரே, நடுவில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும்.

இவர் சிரிக்கிறார். "கோயில்ல ஓதுவாரு சும்மாவே பாடுறாரு. பொட்டிக்கு எதுக்குக் காசு?"

அங்கே பக்கத்தில் உட்கார்ந்து நகை விலை பேசுகிறவர்களை யார் அடக்குவது?

14.6, சனி

ஜங்ஷன் ரோட்டில் அறிவழகன் கடை. முதல் ஜோடி எட்டாயிரத்து ஐநூறு. ஓதுவார் பதிவைப் போடச் சொன்னேன். குரல் வலது பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"எடது பொட்டி கொறையுது தம்பி."

"புது பீஸுக்கா. ஒங்க முன்னாடிதான அட்டப் பொட்டியப் பிரிச்சேன்."

வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றி வைத்தான். அப்போதும் இடது பக்கம்தான் குறைச்சல். அப்படியானால் ஆம்ப்ளிஃபயரில் ஏதோ செய்திருக்கிறான். விலை கூடினதை நம் தலையில் கட்டத்தானே? வேறு ஆம்ப்ளிஃபயர், வேறு ஜோடி கேட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு வாரம் தவணை. முன்பணம் ரூ. 2,000.

இவர் கம்பெனியிலிருந்து வரும் பீங்கான் கப்பை இருபது வருடமாகச் சுண்டி விரிசல் சொல்கிறவள் நான். என் காதையா ஏமாற்றுவது?

18.6, புதன்

வீட்டிலும் அதே கதை. ஓதுவார் நடுவில் இல்லை, வலது சன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். இவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நடுவுலதான் பாடுறாரு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அறிவழகனின் அண்ணன் இவரோடு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறான். என்ன பேசி முடித்திருக்கிறார்களோ.

19.6, வியாழன்

வேல்விழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளாக இந்த வீட்டில் எல்லோரும் முணுமுணுவென்றுதான் பேசுகிறார்கள். என் காதில் விழக்கூடாத அளவுக்கு அப்படி என்ன?

இன்னொன்று. கோயிலுக்குப் போகும்போது இத்தனை வருடமும் என் இடப்பக்கம் நடந்தவர், இப்போது வலப்பக்கம் வருகிறார். ரோட்டில் யாரிடமிருந்து மறைகிறார்?

பழமலைநாதா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

21.6, சனி

மூன்றாவது ஜோடியைக் கடையிலேயே கேட்டேன். இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. கடையில் நாலைந்து பேர். எனக்கு வாய் அடங்கவில்லை.

"பொம்பளதான, என்னா தெரியப் போவுதுன்னு ஓட்டப் பொட்டிய எல்லாம் என் தலையில கட்டுறியா?"

"மூணு ஜோடி மாத்திட்டேங்க்கா. மூணுலயும் எடது பக்கமே கொறையுதுன்னா..."

கூட வந்திருந்த இவர் அவனைப் பார்த்தார். அவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். முன்பணத்தைத் திருப்பி எடுத்து வைத்தான். டிவி வாங்க வந்திருந்த ஒருவர், பிறகு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

நான் ஜெயித்தேன். ஆனால் அந்தப் பார்வை என்ன பார்வை?

25.6, புதன்

எழுதிவிடுகிறேன்.

இவர் கம்பெனியிலிருந்து ஆறு டீ கப்பு கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டுக் காதருகே சுண்டினேன். ணங்கென்று ஒலித்தால் நல்லது, மொத்தென்றால் விரிசல். நாலு முடிந்தது. அப்போது வேல்விழி போன் செய்தாள். போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஐந்தாவதை இடப்பக்கம் வைத்துச் சுண்டினேன். மொத். விரிசல் என்று தள்ளி வைத்தேன்.

இவர் எடுத்துச் சுண்டினார். "இதுல என்னா கொற?"

போனை வைத்துவிட்டு வலது காதருகே சுண்டினேன். ணங். இடது காதருகே. மொத். மறுபடி வலது. மறுபடி இடது.

ஒரே கப்பு. ஒரே விரல்.

இவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறாவது கப்பை நான் சுண்டவில்லை.

26.6, வியாழன்

வீட்டுச் செலவுக் கணக்குகூட எழுதவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

30.6, திங்கள்

கடலூரில் காது டாக்டர். இடது காதில் பாதிக்கு மேல் போய்விட்டதாம். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம். மெஷின் வைத்தால் பேச்சு தெளியும், பழையபடி ஆகாது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஒங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே. எடது பக்கம் நின்னு கூப்ட்டா திரும்ப மாட்ட. வேல்விழிகிட்டகூட அதத்தான் பேசிக்கினு இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, பொட்டி வாங்காம இருக்கக் கத கட்டுறன்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன்.

"கடையிலயாவது சொல்லியிருக்கலாமில்ல? அந்தப் புள்ளைய அப்பிடிப் பேசிட்டேனே."

"நாலு பேரு முன்னாடியா?"

பஸ்ஸிலும் என் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

5.7, சனி

வேண்டுமென்றே சனிக்கிழமை போனேன். கத்தியது கூட்டத்தில், சொல்வதும் கூட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

"கொற ஒன் பொட்டியில இல்ல தம்பி. என் எடது காதுல. அன்னிக்கி நான் பேசுனது தப்பு."

அறிவழகன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "வுடுங்கக்கா. மொதல்ல ஒக்காருங்க, டீ சொல்றேன்."

முதல் ஜோடி 8,500. ஆம்ப்ளிஃபயர் 4,200. அதில் ஒரு திருகைக் காட்டினான். "இத எடது பக்கம் திருப்புனா எடது பொட்டி சத்தம் ஏறும், வலது எறங்கும். ஒங்களுக்கு ஓதுவாரு நடுவுல வந்துடுவாருக்கா. பக்கத்துல ஒக்கார்ற அண்ணனுக்குத்தான் எடது ஓரமாப் போயிடுவாரு."

மீதி 2,300. காது மெஷினுக்கு எடுத்து வைத்தேன்.

6.7, ஞாயிறு

காலையில் குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓதுவார் சன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்தார். என் எதிரே உட்கார்ந்தார். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

இவர் முக்காலியைக் கொண்டுவந்து என் வலப்பக்கம் போட்டுக்கொண்டார்.

"எங்க ஒக்காந்து பாடுறாரு?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "நடுவுலதான்."

அடுத்த பதிகத்தை வைத்தேன்.