இடப்பக்கத்து வரவு

கிர்தாரியின் அம்மாவுக்கு, கல்கத்தாவிலிருந்து பன்வாரியின் ராம் ராம். முழங்கால் வலி தேவலையா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு கணக்கு வகுப்புக்குப் போனேன்: இடது கையில் பற்று, வலது கையில் வரவு. வியர்வையைத் துடைத்ததில் வரவு கன்னத்துக்கு ஏறிவிட்டது.

சின்ன சேட் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். கணக்குப்பிள்ளைகள் எல்லோரும் புதுமுறையில் பரீட்சை எழுத வேண்டுமாம். தேறாதவர்கள் தீபாவளியோடு ஊருக்குக் கிளம்பலாமாம். நம் சிவப்புக் கணக்குப் புத்தகத்தில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். இங்கே தலைகீழ். எனக்குத் தொகை சரியாக வருகிறது, பக்கம்தான் மாறிப்போகிறது.

"காகா, கண்ணாடியில பார்த்து எழுதினீங்களா?" என்றாள் சொல்லித்தரும் வங்காளிப் பெண் சுதபா.

"முப்பது வருஷமா எங்க லட்சுமி இடப்பக்கமாத்தாம்மா வர்றா."

"பரீட்சை முடியிற வரைக்கும் அவளை வலப்பக்கம் உக்காரச் சொல்லுங்க. முதல்ல கன்னத்தைத் துடைங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நம் கிர்தாரி படிப்பை முடிக்கும்வரை சேட் என்னைத் தள்ளாமல் இருந்தால் போதும். அவனிடம் எதுவும் சொல்லாதே. எனக்குப் பயமெல்லாம் இல்லை.

அப்பளத்தைக் காகிதத்தில் சுற்றி அனுப்பாதே, நொறுங்குகிறது. நீ முக்காடு போடும் பழைய ஓட்னியில் சுற்றி அனுப்பு. அதைத் துவைக்க வேண்டாம்.

சுதபா கடிகாரத்தைப் பார்க்கிறாள், முடிக்கிறேன். பரீட்சை இன்றுதான். இந்தக் கடிதத்தை எழுதுவது கூடுதலாகக் கேட்டு வாங்கிய விடைத்தாளில். முதலில் கொடுத்த தாளில் இதுவரை என் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.