பீச்சாங்கைச் சமாதானம்

மாப்ள,

போன செவ்வாய்க்கிழமை நம்ம காலேஜ் முதல்வர் அறைக்கு வெளியே கிடக்கிற மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையன். மூக்கின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் பிளாஸ்திரி, சட்டைக் காலரில் காய்ந்த ரத்தம். அவனிடமிருந்து டிங்சர் வாடை வந்தது. அந்த வாடை ஏறியதும் எனக்கு நீதான் வந்தாய். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே பெஞ்சில், வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இதே வாடையோடு நீ உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு உன் காதைக் கிழித்தது நான். இன்றைக்கு இந்தப் பையன் மூக்கை உடைத்தது என் மகன். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காத்திருந்த நேரத்தில், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கையேட்டைப் புரட்டினேன். இப்போது வழவழ தாளில் கலர் படம் போட்டிருக்கிறார்கள். மனசு சரியில்லை என்றால் பேச ஓர் அறை, காய்ச்சல் என்றால் படுக்க ஓர் அறை, புகார் எழுதிப் போட ஒரு பெட்டி என்று நாலு பக்கத்துக்கு வசதிகள். நம் காலத்தில் காய்ச்சலுக்கும் மனசுக்கும் சேர்த்து மெஸ்ஸில் ஒரு மிளகு ரசம் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். ஆனால் நன்னடத்தை விதிகளில் பதினோராவது மட்டும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ‘வளாகத்துக்குள் சக மாணவர் மேல் கை வைப்பவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார்.’ அந்தக் காலேஜில் நான் மனப்பாடம் செய்த ஒரே பாடம் அதுதானே.

நான் துறையூர்ப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து ஹாஸ்டலில் சேர்ந்தவன். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறவன். சேர்ந்த மறுநாள், முதல்வரை ‘ஃபாதர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். ஃபாதர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷம் படித்த இங்கிலீஷ் எதற்கு? வராந்தாவில் அவர் எதிரே வந்ததும் கையைக் கூப்பி, “வணக்கம் அப்பா” என்றேன். பெரிய மனுஷர், சிரிக்கவில்லை. “நல்லாயிருப்பா” என்று சொல்லிப் போய்விட்டார். தூண் ஓரமாய் நின்ற நீதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“டேய், முதல்வரோட மகன் வந்திருக்கான்! சேர் எடுத்துப் போடுங்கடா!”

உன் சட்டையைப் பிடித்தேன். மூன்று பட்டன் தெறித்தது. நீ முட்டியால் என் வயிற்றில் ஏற்றினாய். நான் உன் தலையைத் தூணில் மோதினேன். நாலு பேர் பிரித்துவிட்டார்கள். போகும்போது விரலை நீட்டிச் சொன்னாய்: “நாளைக்குக் காலைல உனக்கு இருக்குடா.”

மறுநாள் காலையில் வருஷத் தொடக்கப் பூசை. எந்த மதமானாலும் எல்லா மாணவர்களும் கோயிலுக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. நான் அதுவரை மாதா கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. எல்லாரும் எழுந்தால் எழுந்தேன், முழங்கால் போட்டால் போட்டேன். பக்கத்தில் யார் என்று பார்த்தால், நீ. தேடி வந்து நின்றிருக்கிறாய். பூசை எங்கே போகிறது என்று யார் கண்டது? உன் ‘காலைல இருக்குடா’தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பீடத்திலிருந்து ஃபாதர், “ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்” என்றார். கோயில் முழுக்கச் சலசலப்பு. அப்போது பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நீ சட்டென்று என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாய். எனக்கு அது ஓங்கின கையாகத்தான் தெரிந்தது. என் இடது கை தானாகப் போய்விட்டது. நான் பீச்சாங்கைக்காரன் என்று உனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று நீ எதிர்பார்க்கவே இல்லை. வலது காதோடு சேர்த்து விழுந்த அறையில் முன் பெஞ்சின் மேல் போய் விழுந்தாய். அந்த பெஞ்சு அதற்கு முன் பெஞ்சைத் தள்ளியது. பாட்டுக்குழு பாதிச் சரணத்தில் நின்றது. நீ எழுந்தபோது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அந்த மரப்பெஞ்சு, டிங்சர், முதல்வர் அறை. “என்ன நடந்தது?” என்று உன்னிடம் கேட்டார்.

“வழுக்கி விழுந்துட்டேன் ஃபாதர்.”

“கோயிலே பார்த்துச்சு. இவன் அறைஞ்சான்.”

“அறையல ஃபாதர். சமாதானம் குடுத்தான். புதுசு, பழக்கமில்ல. பீச்சாங்கையால குடுத்துட்டான். நான் வழுக்கிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் ஒரு தாளைத் தள்ளி, “எழுதிக் குடு” என்றார். ‘சமாதானம் பகிரும்போது வழுக்கி விழுந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். என் சீட்டு தப்பியது.

வெளியே வந்து, “ஏன்டா காப்பாத்துன?” என்று கேட்டேன்.

“நேத்து சிரிச்சது தப்புன்னு பட்டுச்சு. கை குடுத்து ராசியாயிடலாம்னு வந்தேன். நீ முந்திக்கிட்ட.”

அன்றிலிருந்து காலேஜில் அடிக்குப் பெயரே சமாதானம் ஆகிவிட்டது. மெஸ்ஸில் எவனாவது முறைத்தால், “என்ன, ஒரு சமாதானம் குடுக்கட்டுமா?” இரண்டாம் வருஷம் கால்பந்து மேட்ச் முடிந்து கேட்டுக்கு வெளியே வெளியாட்கள் சைக்கிள் செயினோடு நின்றார்களே, அன்று நாம் இரண்டு பேரும் நாலு பேருக்குச் சமாதானம் கொடுத்து ஏழு பேரிடம் வாங்கினோம். எனக்குப் புருவம் பிளந்தது. உனக்கு இரண்டு விரல் ஒடிந்தது. கீழே கிடந்தவன் ஒருவனை நான் மிதித்துக்கொண்டே இருந்தபோது, “போதும், செத்துருவான்டா!” என்று என்னைக் கழுத்தோடு இழுத்தவனும் நீதான். எப்போதும் என் வலப்பக்கமாகவே நிற்பாய், நடப்பாய், சைக்கிள் ஓட்டுவாய். என் பீச்சாங்கை வீச இடம் விடுகிறாய் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அந்த அறிவுக்குப் பட்டமா கிடைக்கும்? ஐந்து பேப்பர் அரியரோடு வெளியே வந்தேன். நீ தேறியும் வேலை இல்லாமல் இருந்தாய். இரண்டு பேரும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டீஸுக்கு எழுதினோம். இரண்டு பேரும் தேறினோம். கடைசியில் உடம்புப் பரிசோதனை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நீ ரொம்ப நேரம் கழித்து வந்தாய்.

“வலது காது சுத்தமாக் கேக்கலையாம். எனக்கே காது குத்துறாருடா டாக்டர்.”

சிரித்தாய். கேட்கிற இடது காது என் பக்கம் இருக்கத்தான் நீ எப்போதும் என் வலப்பக்கம் நின்றாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “அந்த அறையாடா?” என்றேன்.

“எந்த அறை? சின்ன வயசுல ஜுரம் வந்துச்சு, அதுல போயிருக்கும். நீ போய் டூட்டில சேரு. எனக்கு அப்பா கடை இருக்கு.”

சேர்ந்தேன். இத்தனை வருஷம் இரும்பின் மேல் சம்மட்டி விழுகிற சத்தத்துக்குள் நின்றும் என் இரண்டு காதும் குத்துக்கல் மாதிரி இருக்கின்றன. நீ ஸ்ரீரங்கத்தில் அப்பா கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வந்தால் ஸ்டூலை இடப்பக்கம் இழுத்துப் போடுவாய். அதைப் பற்றி நாம் மறுபடி பேசவே இல்லை. நீ பேசவில்லை, நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

போன மாதம் காவேரிப் பாலத்தில் உனக்குப் பின்னால் பஸ் வந்தது. வலப்பக்கமாக ஏறியது. நீ அதே பக்கம் வண்டியைத் திருப்பினாய். “ஹாரன் அடிச்சேங்க, அடிச்சுக்கிட்டேதாங்க வந்தேன்” என்று ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடையாளம் காட்ட என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வலப்பக்கம் முகமே இல்லை மாப்ள. இடது காது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

வெளியே உன் பெண்டாட்டி சொன்னாள்: “ஹாரன் கேட்டிருக்காதுண்ணே. சின்ன வயசுல ஜுரத்துல போன காதுல்ல. பாழாப்போன ஜுரம்.”

அவளிடமும் அதையே சொல்லிவைத்திருக்கிறாய். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இந்தச் சுமையோடுதான் செவ்வாய்க்கிழமை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடந்தது இவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்து இங்கிலீஷில், ‘என் மகனுக்குத் தகப்பன் நான் என்பதில் என் மகனுக்குப் பெருமை’ என்று வருகிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன். அதை அந்தப் பையன் வீடியோ எடுத்து, பின்னால் தவில் அடித்து, வகுப்பு வாட்ஸப்பில் விட்டிருக்கிறான். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது, நானே மூன்று தடவை பார்த்தேன். என் மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஸ் வரிசையில் வைத்து ஒரே குத்து. மூக்கெலும்பு போய்விட்டது. கீழே விழுந்தவனை இரண்டு உதையும் உதைத்திருக்கிறான்.

மகன் பெஞ்சின் மறுபக்கத்திலிருந்து என் காதோடு வந்து கிசுகிசுத்தான்: “கவலைப்படாதீங்கப்பா. அவன்கிட்டப் பேசிட்டேன். குளியலறைல வழுக்கி விழுந்தேன்னு எழுதித் தர்றேன்னுட்டான்.”

நான் திரும்பி அந்தப் பையனின் காதைப் பார்த்தேன்.

உள்ளே போனோம். அந்தப் பையனுடைய அம்மா, மலைக்கோட்டைக் கீழே ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், பெர்மிஷன் போட்டு யூனிஃபார்ம் சேலையோடு வந்திருந்தார். பையன் தாளை நீட்டினான். முதல்வர் படித்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். “அவன் எழுதினதுதாங்க ஃபாதர். பிரச்சினை வேணாம், விட்டுடுங்க” என்றார் அவர். அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் மகன் படிப்பு தப்பிவிடும். வாயை மூடிக்கொள்வதில் எனக்கு அனுபவம் குறைவா?

“ஃபாதர், அது விழுந்த காயம் இல்ல. என் மகன் அடிச்சது. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. காதையும் பாருங்க, ரெண்டு காதையும் பாருங்க” என்றேன்.

“அப்பா!” என்று கத்தினான் மகன். “உங்களுக்காகத்தானேப்பா அடிச்சேன்!”

“தெரியும்டா. அதையும் எழுது.”

எழுதினான், பீச்சாங்கையால். அதுவும் என்னைப் போலவே. உண்மையை எழுதியதால் நீக்கவில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியே, இந்த செமஸ்டர் முழுக்க சஸ்பெண்ட். காதுக்கு ஒன்றும் இல்லையாம், மூக்கு சேர்ந்துவிடுமாம். அன்றிலிருந்து வீட்டில் அவன் என்னோடு பேசுவதில்லை. தட்டை நகர்த்துகிற சத்தத்திலேயே என்னைத் திட்டிவிடுகிறான்.

மகனை எழுதவைத்த பிறகு நான் மட்டும் எப்படித் தப்பிப்பது? சனிக்கிழமை உனக்கு முப்பதாம் நாள் பூசை. சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. முன் வரிசையிலிருந்து உன் பெண்டாட்டி திரும்பி என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். என்னால் கூப்ப முடியவில்லை. பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் அவளை நிறுத்தினேன்.

“தங்கச்சி, அவன் காது ஜுரத்துல போகல. நான் அடிச்சதுல போச்சு.”

ஒன்று விடாமல் சொன்னேன். ஒர்க்‌ஷாப் வேலையையும் சொன்னேன். முடித்ததும் கையை ஓங்கினாள். இந்தத் தடவை ஓங்கின கை ஓங்கின கையாகவே எனக்குத் தெரிந்தது. நகரவில்லை. என் இடது காதோடு சேர்த்து விழுந்தது. கண்ணாடி பறந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கோயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இத்தனை வருஷமா நான் ஜுரத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேனே!” என்றாள். அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தாள். “வீட்டுல சாப்பாடு போட்டிருக்கு. சாப்பிடாமப் போயிடாதீங்கண்ணே.”

சாப்பிட்டேன். ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிந்தது. பக்கத்து இலைக்காரர், “பல்லு வலிங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க, வழுக்கி விழு...” என்று பாதி வரைக்கும் வந்துவிட்டது. பழக்க தோஷம். முழுங்கிவிட்டு, “அடி வாங்கினேங்க” என்றேன்.

நம் காலேஜ் பாஷை அவளுக்குத் தெரியாது மாப்ள. அவள் எனக்குக் கொடுத்ததற்கு என்ன பெயர் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நாலு நாள் ஆகிறது. இடது காதில் கொய்ங்கென்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். நான் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.