இரண்டாம் பிணையாளர்

என் துணைவரே, கேளும்! உம்மீது எனக்கு ஒரு முறையீடு உண்டு.

நம் சுண்ணாம்புச் சூளைகளுக்குக் கடன் கேட்டு இன்று எடின்பரோவில் வங்கிக்குச் சென்றேன். பிணைநிற்போர் இருவர் வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நீர் எழுதித் தந்த தாளை வங்கியாளர் கின்னியர் உரக்கப் படித்தார்.

"ஒருத்தர் உங்க அண்ணன், சரிங்கம்மா. இன்னொருத்தர் மகன் நினியனா? கப்பல்காரரு கரைக்கு வந்தாச்சா? வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க, மை ஒண்ணும் கடிச்சிடாது!"

"அவனால வர முடியாதுங்க" என்றேன். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நம் நினியனோடு அந்தக் கப்பல் மூழ்கி ஒன்பது திங்கள் ஆயிற்று. பழக்கத்தில் உம் கை எழுதிவிட்டது, அறிவேன். அவன் பெயரை அடிக்க எடுத்த இறகுப் பேனாவை நானும் கீழே வைத்துவிட்டேன். தாளை இத்துடன் அனுப்புகிறேன்.

நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளுக்குள் கடன் கிடைக்காவிட்டால் சூளைகள் அணையும். அங்கே வேலை செய்யும் முப்பது குடும்பங்கள் பனியில் வெளியேறும். ஆதலால் அந்தப் பெயரை நீரே அடியும். அவ்விடத்தில் உம் தம்பியின் பெயரை எழுதும். பத்தாண்டாய் அவரோடு பேசாதிருந்தது போதும். இதைப் படித்த கையோடு குதிரை ஏறும். அவர் கதவைத் தட்டும்!

உம் மனையாள்