நடத்துநரின் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம்

அனுப்புநர்:
முன்னாள் பேருந்து நடத்துநரின் மனைவி,
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்,
பணிமனைக் குடியிருப்பு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: என் கணவர் பங்கேற்ற ஆய்வின் குரல் பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து, கேட்கும் ஆய்வாளர்களுக்கு முறைப்படி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். பின்படியில் நின்று அவர் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். நரம்பு நோய் ஒன்று அவர் நாக்கை மெல்ல மெல்லக் கட்டிப்போடத் தொடங்கிய நேரத்தில், தங்கள் பல்கலைக்கழகப் பேச்சு ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இந்நோயில் குரல் எப்படி மாறுகிறது என்பதைப் பதிவு செய்ய அனுமதி கேட்டார். கணவர் உடனே சம்மதித்தார்.

2. மாதந்தோறும் அந்த ஆய்வாளர்ப் பெண் ஒலிவாங்கியோடு வருவார். தெருச் சத்தம் கேட்காதிருக்க ஜன்னலில் போர்வையைக் கட்டுவோம். ஒவ்வொரு முறையும் ஒரே பத்தியைத்தான் படிக்க வேண்டும். ஒருநாள் பாதி வரியிலேயே வாய் கோணி எச்சில் வழிந்தது. "இன்றைக்கு விட்டுவிடலாம் அண்ணே" என்றார் அந்தப் பெண். கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குழறல்தானேம்மா உனக்கு வேணும்? நல்லாப் பேசுறவங்க ஊர் முழுக்க இருக்காங்க" என்று சொல்லி, அந்தப் பத்தியை முடித்துக் கொடுத்தார். குரல் முழுதாக நின்ற மாதம் வரை பதிவு நடந்தது.

3. பிறகு ஆய்வுக் கட்டுரை வெளியானது. பதிவுகள் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன, கேட்கும் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் என்று அதன் முடிவில் அச்சாகியிருக்கிறது. வேறு ஊர் மருத்துவமனையில், குழறிய பேச்சைப் புரிந்துகொண்டு தெளிவாகத் திருப்பிச் சொல்லும் கருவியைச் செய்துவரும் பொறியாளர் ஒருவர் அதை நம்பிக் கேட்டிருக்கிறார். கட்டுரையிலுள்ள இணைய முகவரி திறக்கவில்லை. மடல்களுக்குப் பதிலும் இல்லை. ஆய்வாளர் வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். விதிப்படி எல்லாவற்றையும் தங்களிடமே ஒப்படைத்துவிட்டதால் அவரிடம் பிரதி இல்லை. அவர் சொல்லித்தான் பொறியாளர் எங்களைத் தேடி வந்தார்.

4. கணினிப் பிரிவுக்கு நேரில் போனேன். அலுவலர் என்னை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். பழைய கணினிகளை மாற்றுகிறார்களாம். பொறுப்பாளர் இல்லாத கோப்புகளை இம்மாத இறுதியில் அழித்துவிடுவார்களாம். தங்களிடமிருந்து உத்தரவு வந்தால் மட்டுமே நிறுத்த முடியும் என்றார். உடனே தங்களுக்கு எழுதினேன். பங்கேற்பாளர் காலமாகிவிட்டதால் பதிவுகளைப் பகிர மறு ஒப்புதல் பெற வழியில்லை என்றும், ஆழ்ந்த இரங்கல் என்றும் பதில் வந்தது.

5. ஐயா, என் கணவர் உயிரோடு இருக்கிறார். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கைபேசியில் தட்டிக் காட்டினார்: "செத்தவன் நேர்ல வந்து கைநாட்டு வச்சா செல்லுமான்னு கேளு." அவர் சொன்னபடியே கேட்கிறேன்.

6. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தக் குரல் யார் கையிலாவது சிக்கிக் கேலிக்கோ மோசடிக்கோ ஆளாகுமோ என்ற பயம் எனக்கு உண்டு. வீட்டுக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் நெடுநேரம் தட்டினார்: "வீட்ல வச்சா நீ கேட்டு அழுவ. அங்க போனா, என்னை மாதிரி ஒருத்தன் தண்ணி கேட்டது யாருக்காவது புரியும்." அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஆனாலும் பெயரை நீக்கி, கேட்பவர் யார், எதற்கு என்று பார்த்தே தர வேண்டும். உடன் பங்கேற்ற மற்றவர்களையும், இல்லாதவர்களின் குடும்பத்தாரையும் கேட்காமல் அவர்கள் குரலைத் தரக்கூடாது.

7. ஆகவே, அழிப்பதை உடனே நிறுத்தி, இப்பதிவுகளுக்கு நிலையான இடமும் ஒரு பொறுப்பாளரும் ஏற்படுத்தி, அந்தப் பொறியாளருக்குப் பதில் எழுதப் பணித்தருள வேண்டுகிறேன். தங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. சக்கர நாற்காலி ஏறாது. அலுவலர் ஒருவர் வாசல்வரை இறங்கி வந்தால் போதும். கணவரின் வலக்கை ஓய்ந்துவிட்டது. இடக்கையில் ஒரு விரல்தான் இன்னும் சொன்னபடி கேட்கிறது. அது கேட்கும்போதே அவருடைய சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: தங்கள் இரங்கல் கடிதம் கிடைத்த மறுநாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நடத்துநரின் மனைவி